அக்காவுக்கு எதற்கு எச்.டி.?

காது கேட்காதவளுக்கு எச்.டி. எதற்கு என்று கேட்காத வாய் பாக்கியில்லை. அந்த வாய்கள் ஒவ்வொன்றையும் என் அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேசுகிறவர்களுக்கு அது மட்டும் தோன்றவே தோன்றாது.

அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவள் படித்த பள்ளியில் கையால் பேசினால் அடி விழும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும், குரலெடுத்துப் பேசவும்தான் பழக்கினார்கள். உதட்டைப் படிப்பதில் அவள் கெட்டிக்காரி. பேசத்தான் மாட்டாள். அவள் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் கரகரவென்று வரும். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவள் வாயைத் திறந்ததும் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதிலிருந்து வீட்டுக்கு வெளியே பேசுவதை விட்டுவிட்டாள். அந்த ரெண்டு பேர் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கல்மண்டபத்தில் எங்களுக்கு மூன்றாவது மாடியில் வீடு. மொட்டை மாடியில் டிஷ் ஏற்கெனவே இருந்தது. உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க, மீன்பிடிக்கிற போட்டுக்கு அடிக்கிற பெயிண்டையே அதற்கும் அடித்து வைத்திருந்தோம். தட்டை டிவி, அக்கா தையல் கம்பெனியில் வேலை செய்து முந்தின தீபாவளிக்கு வாங்கிப் போட்டது. ஆனால் அதை ஆண்டதென்னவோ அண்ணன்தான். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவன், வீட்டிலிருந்தால் கிரிக்கெட். கமென்ட்ரியைக் கேட்டுச் சிரிப்பான், தொடையில் தட்டிக்கொள்வான். என்னவென்று அக்கா கையால் கேட்டால், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுவான். ஒன்றுமில்லாததற்கு யாராவது அப்படிச் சிரிப்பார்களா?

ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் ஒரு டிவி கடை வாசலில் அக்கா நின்றுவிட்டாள். உள்ளே பெரிய திரையில் மேட்ச். பந்து போடுகிறவனின் முகம் கிட்டத்தில் வந்தது. அவள் என் முழங்கையைப் பிடித்து இழுத்து, "பேசறான். தெரியுது" என்று மெதுவாகச் சொன்னாள். நடுத்தெருவில் அவள் குரலைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே போய் விசாரித்தேன். அது எச்.டி. படமாம், வேர்வைத் துளிகூடத் தனித்தனியாகத் தெரியுமாம். எங்கள் வீட்டில் அதே முகம் கலங்கல் தண்ணீருக்குள் பார்த்த மாதிரி இருக்கும், உதடு எங்கே தெரிவது!

அண்ணனிடம் சொன்னேன். "படந்தான் வந்துகினு கீதே, இன்னாத்துக்கு வேண்டாத பேஜாரு? எச்.டி.ல தமிழ் சேனலே கெடையாதாம்" என்றான். அது உண்மைதான். அப்போது வந்ததெல்லாம் விளையாட்டு, மிருகங்கள், இங்கிலீஷ் படம்.

"அவுளுக்குத் தமிழ் சேனல் வந்தா இன்னா, வராங்காட்டி இன்னா? நீ கேக்கற, அவ பாக்கறா" என்றேன். டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

மறுநாளே அக்காவும் நானும் டிஷ் ஏஜென்ட் கடைக்குப் போனோம். எச்.டி. கேட்பது அவள், சம்பளம் அவளுடையது. ஆனால் கடைக்காரர் என்னைப் பார்த்தே பேசினார். பழைய டிஷ் உதவாது, எல்லாமே புதுசாகப் போடணும் என்று ஆரம்பித்தார். அதே கம்பெனி டிஷ்தானே, செட்டாப் பாக்ஸை மட்டும் மாற்றினால் போதாதா என்றேன். கொஞ்சம் இறங்கி வந்தார். வீட்டில் யார் பார்ப்பது என்று விசாரித்தார். அக்காவைக் காட்டி, காது கேட்காது என்றும் சொல்லித் தொலைத்தேன்.

"அப்ப இருக்கறதே போதுமேம்மா. அதுக்கு இன்னா தெரியப்போவுது?" என்றார்.

'அது'வாம்! நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடி மேஜை அதிர்ந்தது. அக்கா தட்டியிருந்தாள்.

"என்... கிட்ட... பேசு."

கடையே திரும்பிப் பார்த்தது. ரீசார்ஜ் பண்ண வந்தவர்கள், வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டிருந்தவர், எல்லாரும். அக்கா யாரையும் பார்க்கவில்லை. கடைக்காரரின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பி, "பாக்ஸ் மட்டும் மாத்துனா போதும்மா" என்றார். எனக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது.

கடையிலிருந்து பாக்ஸ் மாட்ட ஆள் வந்தார். டிஷ்ஷை ஒரு ஓரமாகத் திருகிச் சரிசெய்தார். புது பாக்ஸை வைத்து, பழைய சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரையே அதில் குத்திவிட்டுக் கிளம்பிவிட்டார். படம் அதே கலங்கல். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று அண்ணன் சிரித்தான். நான் போனில் ஏஜென்டிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

அக்கா கத்தவில்லை. புது பாக்ஸ் வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். தெர்மோகோலுக்கு அடியிலிருந்து, பிரிக்காத பிளாஸ்டிக் உறையில், தட்டை வாயோடு ஒரு கறுப்பு ஒயர் விழுந்தது. டிவியின் முதுகைத் திருப்பி, அந்த வாய்க்குப் பொருந்துகிற துளையைத் தேடிக் கண்டுபிடித்துச் சொருகினாள். மறுமுனையைப் பாக்ஸில் சொருகினாள். திரை இருண்டது. "போச்சு, மொத்தமும் காலி!" என்று அண்ணன் தலையில் கைவைத்தான். ரிமோட்டில் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாள். பளிச்சென்று படம் வந்தது. மைதானத்தில் புல் தனித்தனியாக நின்றது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் மேட்ச். பந்து போட்டவன் நம்ம ஊர்ப் பையன், அவனோடு விளையாடியவர்களில் இன்னும் ஒருவனும் தமிழ்தான். கைக்கு நேராக வந்த கேட்சை அந்த இன்னொருவன் கோட்டைவிட்டான். கேமரா பந்து போட்டவன் முகத்துக்குப் போனது. அவன் உதடு அசைந்தது. கமென்ட்ரிக்காரர்கள் இங்கிலீஷில் வேறு என்னவோ அளந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா குபீரென்று சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். காது கேட்கிற நாங்கள் ரெண்டு பேரும் ஒன்றும் புரியாமல் முழித்தோம்.

"இன்னா சொன்னான்?" அண்ணன் டிவியைப் பார்த்தபடியே கேட்டான். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பக் கேட்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எழுந்து வந்தான். திரைக்கு முதுகைக் காட்டி அவள் முன்னால் குந்தினான். அவள் முகத்தை நேராகப் பார்த்து, நிதானமாக உதட்டை அசைத்து, "இன்னா சொன்னான்? சொல்லு" என்றான். அவளிடம் அவன் அப்படி ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததேயில்லை.

தள்ளி உட்காரச் சொல்லிக் கைகாட்டினாள் அக்கா, படம் மறைக்கிறதாம். அந்த ஓவர் முடிகிறவரைக்கும் அவனைக் காக்க வைத்துவிட்டுத்தான் சொன்னாள்.