நிறைந்தே திரும்பிய டம்ளர்

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, சிங்காநல்லூரில் எங்கள் வீட்டில் மதிய விருந்து. சிவப்பு ஒயினில் ஆரஞ்சுச் சாறு ஊற்றி, அன்னாசியும் தர்பூசணியும் நறுக்கிப் போட்டு பஞ்ச் கலக்கியிருந்தேன். எல்லாரும் புகழப் புகழ எனக்குத் தலைகால் புரியவில்லை.

கணவரின் நண்பர் செல்வராஜ் அண்ணன் மட்டும், "வேண்டாமுங்க அம்மணி" என்றார். எங்கள் ஊரில் முதல் 'வேண்டாமுங்க'வை யார் மதிக்கிறார்கள்? கூச்சப்படுகிறார் என்று நினைத்து, "அட, பழந்தானுங்கண்ணா!" என்று டம்ளரைக் கையில் திணித்துவிட்டேன்.

அவர் மனைவி மேரியக்கா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "அவரு குடிய உட்டு எட்டு மாசந்தான் ஆச்சு கண்ணு. ஒரு வாய் உள்ள போனாலும் போச்சு."

போய்ப் பிடுங்கினால் அத்தனை பேர் முன்னால் அவருக்கு அவமானம். கதவோரம் நின்று இருவரும் அந்த டம்ளரையே பார்த்தோம். ஒருமுறை அது உதடுவரை போனது. அக்கா என் மணிக்கட்டை இறுக்கினார். டம்ளர் மெல்ல இறங்கியது.

ஐஸ் கரைந்த பிறகு அவரே அதை உள்ளே கொண்டுவந்து வைத்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க அம்மணி."

டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது.

என் மனம் நோகக்கூடாதென்று அவர் சொன்ன அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூசுகிறது. யாராவது 'வேண்டாமுங்க' என்றால், இப்போது எனக்கு ஒரு தடவையே போதும்.