கொட்டாவிக்கு ஒரே ஒரு மந்திரம்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. வரவேற்பில் இருக்கிற பெண் லீவு போட்டால் அவள் வரவேற்பில் இருப்பாள். சொட்டு மருந்து விடுகிற நர்ஸுக்கு ஜுரம் என்றால், வரிசையாக அண்ணாந்து உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணுக்கு அவள்தான் மருந்து விடுவாள். மூக்குக்கண்ணாடி விற்கிற பக்கம் ஆள் வரவில்லையா, "இந்த ஃப்ரேம் உங்களுக்கு எடுப்பா இல்லைங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி, வேறொன்றை மாட்டிவிட்டு, விற்றும்விடுவாள். கரண்ட் போனால் ஜெனரேட்டரை உயிர்ப்பிப்பதும் அவள் வேலைதான். எல்லா அறைக்கும் போய்வர வேண்டியிருந்ததால் எல்லா அறைச் சாவியும் அவள் இடுப்பில் தொங்கியது. பெயரே சாவிக்கொத்து என்று ஆகிவிட்டது. பெரிய டாக்டர்கூட மறந்தாற்போல அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்.

வீட்டிலும் அதே கதைதான். மாமியாருக்கு ஊசி போடுவது, ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் மாற்றுவது, மகளின் கணக்குப் பாடம், மேல்மாடி நாத்தனாரின் ரவிக்கைக்குக் கொக்கி வைப்பது என்று எல்லாம் அவள் கைக்கே வந்து சேர்ந்தன. கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், கெட்டிக்காரரும்கூட. நடுவில் நின்றுபோன லிஃப்டின் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். ஆனால் அவருக்குத் தெரிந்தது லிஃப்ட் ஒன்றுதான், வீட்டில் லிஃப்ட் இல்லை.

அதற்காகச் சாவிக்கொத்து மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்தவள் இல்லை. ஓடியாடி வேலை செய்வது அவளுக்குப் பிடிக்கும். ஏதோ ஒன்று குறைகிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அது தெரிய வந்தது ஒரு தையல் கடையில்.

நாத்தனார் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வாரம் முழுக்க உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் தையல் கடைக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு விளையாட்டு நடக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, வாயாலேயே ஒரு சாகசக் கதையை ஆடிப் பார்க்கிற விளையாட்டு. கதையை நடத்துகிறவர் தையல்காரர். தொழிலுக்கும் அவர் மாஸ்டர், ஆட்டத்துக்கும் அவரே மாஸ்டர். துணி வெட்டுகிற பெரிய மேஜையில் பழுப்புக் காகிதத்தை விரித்து, தையல் சாக்கட்டியால் குகையும் கோட்டையும் வரைவார். பட்டன்கள்தான் ஆட்கள். நாத்தனார் வாள்வீராங்கனை, பித்தளைப் பட்டன். பேக்கரிக்காரர் திருடன், சட்டைக் காலரில் வைக்கிற பொடிப் பட்டன். மந்திரவாதியாக ஆடிக்கொண்டிருந்தவர் வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட, கூட்டம் மந்திரம் இல்லாமல் தவித்தது.

"அண்ணி, நீங்க வாங்க. உங்களுக்குன்னே அளவெடுத்துத் தச்ச மாதிரி ஒரு வேலை இருக்கு" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து நிதானமாக விளக்கினார். "மந்திரவாதியில ரெண்டு தினுசு இருக்கும்மா. ஒருத்தன் எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கத்துக்குவான். இருட்டுன்னா வெளிச்சம் போடுவான், பூட்டுன்னா திறப்பான், அம்பு வந்தா தடுப்பான். எதுலயும் பெரிய ஆள் கிடையாது. ஆனா எங்கயும் கையை விரிக்க மாட்டான். இன்னொருத்தன் ஒரே வித்தையைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே ஊறிப்போனவன். அந்த விஷயத்துல அவனை அடிச்சுக்க ஆள் கிடையாது. அதைத் தாண்டினா பூஜ்யம்."

"அண்ணிக்கு முதல் தினுசுதான். எழுதிக்கோங்க மாஸ்டர்" என்றாள் நாத்தனார்.

"இரு இரு" என்றாள் சாவிக்கொத்து. "பூஜ்யம்னா நெஜமாவே பூஜ்யமா? வேற எதையும் யாரும் கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா வராதுன்னு சொல்லிட வேண்டியதுதான்."

அவள் கொஞ்ச நேரம் சாக்கட்டிக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தூங்க வைக்கிற மந்திரம் இருக்கா?"

இருந்தது. தூக்கத்தையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு மந்திரவாதி அன்றைக்குப் பிறந்தாள். பெரிய கறுப்புக் கோட்டுப் பட்டன். பெயர் கொட்டாவி. பேக்கரிக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது.

முதல் ஆட்டம் அமர்க்களமாகப் போனது. கோட்டை வாசலில் காவலர்கள் நின்றார்கள். கொட்டாவி வாயைத் திறந்தாள், பகடை உருண்டது, அத்தனை பேரும் ஈட்டியைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார்கள். மாஸ்டர் குறட்டைச் சத்தம்கூடப் போட்டுக் காட்டினார். ஆனால் உள்ளே போனதும் எலும்புக்கூடுகள் எழுந்து வந்தன.

"தூங்க வைங்க அண்ணி!"

"எலும்புக்கூடு தூங்காதும்மா" என்றார் மாஸ்டர். "அதுங்க ஏற்கெனவே தூங்கி முடிச்சதுங்க."

"அப்ப வேற ஏதாவது பண்ணுங்க. ஒரு நெருப்பு? ஒரு கேடயம்?"

"எனக்கு அது வராது" என்றாள் சாவிக்கொத்து.

சொல்லி முடித்ததும் அவளுக்கே விநோதமாக இருந்தது. கடைசியாக எப்போது இப்படிச் சொன்னோம் என்று யோசித்தாள், நினைவுக்கு எட்டவில்லை. நாத்தனாரும் பேக்கரிக்காரரும் மூச்சிரைக்க எலும்புகளோடு மல்லுக்கட்டினார்கள். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, பேக்கரிக்காரர் கொண்டுவந்த பன்னைப் பிய்த்துப் பிய்த்து, சூடான டீயில் தோய்த்துச் சாப்பிட்டாள். யாரும் அவளை எழுந்து வரச் சொல்லவில்லை. சொல்லிப் பிரயோஜனமில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்படி ஒரு பன்னை அவள் சாப்பிட்டதே இல்லை.

அடுத்த வாரங்களில் கல் சிலைகள் வந்தன. சிலைக்குத் தூக்கமாவது ஒன்றாவது. வெள்ளம் வந்தது, பூட்டிய கதவு வந்தது. ஒவ்வொரு முறையும் "எனக்கு வராதுங்க" என்று அவள் கையை விரிப்பாள். விரிக்க விரிக்க முகத்தில் ஒரு களை கூடிக்கொண்டே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாள்வீராங்கனை தண்ணீரில் மாட்டிச் செத்துப் பிழைத்தாள். வீட்டு மாடிப்படி ஏறும்போது நாத்தனார் பொரிந்து தள்ளிவிட்டாள்.

"நீங்க வேணும்னேதான் பண்றீங்க அண்ணி. இன்னும் ரெண்டே ரெண்டு மந்திரம் கத்துக்கிட்டா என்ன குறைஞ்சா போயிடும்? நான் முங்கிச் சாகறேன், நீங்க பன்னு தின்னுட்டு இருக்கீங்க!"

"பன்னு நல்லா இருந்துது."

"அண்ணி!"

சாவிக்கொத்து படியிலேயே உட்கார்ந்தாள். நாத்தனாரையும் பக்கத்தில் உட்கார்த்தினாள். "கோச்சுக்காதே. காலைல கண்ணைத் திறந்ததுலேருந்து எல்லாரும் என்னைத்தான் கேக்கறாங்க. எனக்கும் எல்லாம் வருது, செய்யறேன். அதுல வருத்தம்னு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த மேஜைல உக்காந்து வராதுன்னு சொல்றேன் பாரு, நெஞ்சுல ஜன்னல் திறந்த மாதிரி இருக்கு. அங்கயும் என்னை ஜெனரேட்டர் போடச் சொல்லாதே."

அந்த வாரம் ரவிக்கைக்குக் கொக்கி வைக்க நாத்தனாரே ஊசியை எடுத்தாள், கோணல்மாணலாகத்தான் வந்தது. பிறகு, "அப்ப நமக்கு இன்னொரு மந்திரவாதி வேணும். அண்ணனைக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக் முதலில் பிகு பண்ணினார். மேஜையைப் பார்த்ததும் ஆள் மாறிவிட்டார். "எல்லாம் தெரிஞ்ச மந்திரவாதியா? எனக்கா?" என்று குழந்தை மாதிரி கேட்டார். வெளிச்சம், கேடயம், பொடி நெருப்பு, கயிறு தானாக முடிச்சுப் போட்டுக்கொள்வது, தரையை வழுக்க வைப்பது என்று மாஸ்டர் நீட்டியதையெல்லாம் அள்ளிக்கொண்டார். தன் ஆளுக்கு அகராதி என்று பெயர் வைத்தார். "பேரு சரியாத்தான் இருக்கு. அண்ணன் கொஞ்சம் அகராதி பிடிச்சவன்தான்" என்றாள் தங்கை.

அகராதியின் முதல் ஆட்டத்தை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அம்பு பறந்து வருகிறது, கேடயம் போட வேண்டிய நேரத்தில் அவர் வெளிச்சம் போட்டார். எதிரிகளுக்குக் குறி இன்னும் நன்றாகத் தெரிந்தது. திருடன் ஒளிந்து ஒளிந்து நடக்கிற இடத்தில் தரையை வழுக்க வைத்தார், திருடன் வழுக்கிக்கொண்டே போய்ச் சமையலறையில் விழுந்தான். எதை எப்போது எடுப்பது என்பதில்தான் அவருக்குத் திண்டாட்டம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டியவர், மாட்டிய இடத்திலேயே நின்றார்.

"ஏன்டி, ஒரே ஆளு இத்தனையையும் மண்டைல வச்சுக்கிட்டு, கேட்ட நேரத்துல சரியா எடுத்துக் குடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல போலிருக்கே."

"அப்படியா?" என்றாள் அவள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"ஆமா. எனக்கு மண்டை காயுது." கொஞ்சம் கழித்து, "அம்மா ஊசி எந்த டப்பால இருக்கு?" என்று கேட்டார். போடத் தெரியவில்லை. ஆனாலும் கேட்டார். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கிடையில் ஆஸ்பத்திரியில் ஒரு சங்கதி நடந்தது. புது கம்ப்யூட்டர் வந்தது. பெரிய டாக்டர் வழக்கம்போல அவளைக் கூப்பிட்டு, "இதையும் நீங்களே பாத்துக்குங்க" என்றார். அவள் வாயிலிருந்து, யோசிக்காமலேயே, "எனக்கு அது வராதுங்க டாக்டர்" என்று வந்துவிட்டது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "வராதா?" என்றார். "வராதுங்க." அவ்வளவுதான், கூரை இடிந்து விழவில்லை. வரவேற்பில் இருக்கிற பெண் மூன்றே வாரத்தில் அதைக் கற்றுக்கொண்டு, இப்போது மற்றவர்களை அதட்டிக்கொண்டிருக்கிறாள். சாவிக்கொத்து கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கழற்றி அவளிடமே கொடுத்துவிட்டாள்.

ஆட்டத்தில் பாலத்து மிருகம் வந்தது மழைக்கால ஞாயிறு ஒன்றில். வெளியே தண்ணீர் கொட்டியது. மாஸ்டர் பட்டன் டப்பாவைக் கவிழ்த்து, ஒரு கம்பளிக் கோட்டின் பெரிய தோல் பட்டனை எடுத்துப் பாலத்தின் நடுவில் வைத்தார். யானையைப் போல நாலு மடங்கு, எருமைக் கழுத்து, நூறு வருஷமாகக் கண் மூடாத பிராணி. அகராதி பொடி நெருப்பை வீசினார், அது தும்மியது. கேடயம் போட்டார், ஒரே மிதியில் நொறுங்கியது. திருடன் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"மாஸ்டர், இதுக்குத் தூக்கம் வருமா?" என்று சாவிக்கொத்து கேட்டாள்.

"உயிருள்ளதுதானே, வரும். ஆனா லேசுல வராது. சாதாரண மந்திரவாதி பகடைல உச்சமா இருபது போட்டாத்தான் உண்டு."

அவள் உருட்டிய பகடை மேஜையில் ஓடி, கத்தரிக்கோலில் இடித்து, பன்னிரண்டில் நின்றது. எல்லோர் முகமும் தொங்கியது. மாஸ்டர் மட்டும் விரல் விட்டு எண்ணினார். "வேற யாரா இருந்தாலும் பத்தாது. ஆனா கொட்டாவி இத்தனை நாளும் இந்த ஒண்ணைத் தவிர வேற எதையும் கத்துக்கவே இல்லையே. அதுக்குண்டான பலமெல்லாம் சேருது." நிமிர்ந்தார். "மிருகம் தள்ளாடுது. கண் சொருகுது. நூறு வருஷத் தூக்கமும் ஒண்ணா வருது."

பேக்கரிக்காரர் மேஜையைத் தட்டினார். நாத்தனார் எழுந்து நின்றே கத்தினாள். "அண்ணீ!"

"ஆனா" என்றார் மாஸ்டர், "அது எங்க சாயுதுன்னு பாக்கணும்." பகடையை உருட்டிவிட்டு நாத்தனாரைப் பார்த்தார். "உங்க மேலதான்."

பித்தளைப் பட்டன் மேல் தோல் பட்டன் ஏறி உட்கார்ந்தது. வாள்வீராங்கனைக்கு மூச்சு முட்டியது. எழுப்பினால் மிருகம் எல்லோரையும் தின்றுவிடும். எழுப்பாவிட்டால் இவள் நசுங்கிச் செத்துப்போவாள். திருடன் இழுத்துப் பார்த்தான், முடியவில்லை. கொட்டாவி என்ன செய்வாள், தூங்குகிறதை இன்னும் நன்றாகத் தூங்க வைக்கலாம், அவ்வளவுதான்.

லிஃப்ட் மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். அவர் உதடு அசைந்தது. வேலைக்குப் போகிற இடத்தில் லிஃப்ட் ஓடுகிற ஷாஃப்டுக்குள் தலையை விட்டுக் கேட்பாரே, அந்த முகம். "மாஸ்டர், தரையை வழுக்க வைக்கிறேன். அவளுக்கு அடியில மட்டும். இந்த ஓரத்துலேருந்து அந்த ஓரம் வரைக்கும்."

மாஸ்டர் தோல் பட்டனை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பித்தளைப் பட்டனை ஒரே சுண்டாகச் சுண்டினார். அது காகிதத்தின் மேல் வழுக்கிக்கொண்டு வந்து சாவிக்கொத்தின் டீ டம்ளரில் 'டிங்' என்று மோதி நின்றது. நாத்தனார் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவருக்குச் சட்டைப் பித்தான் ஒன்று தெறித்துவிட்டது. தையல் கடையாகப் போயிற்று, அங்கேயே தைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

பாலத்தைத் தாண்டியதற்காக எல்லோருக்கும் லெவல் ஏறியது, ஆளுக்கொரு புது வித்தை எடுத்துக்கொள்ளலாம். அகராதி ஆறாவதாக ஒரு மந்திரத்தைக் கேட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் தாடையைச் சொறிந்துகொண்டிருந்தார். மாஸ்டர் சாவிக்கொத்தின் பக்கம் திரும்பினார். "உனக்கும் உண்டும்மா. இப்பவாவது வேற வித்தை ஏதாவது எடுத்துக்கறியா? ஒரு நெருப்பு, ஒரு வெளிச்சம்?"

நாத்தனார் பன் தட்டை அண்ணியின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"தூங்கறவங்க கனவுக்குள்ள போக முடியுமா மாஸ்டர்?"

மாஸ்டர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். "போகலாம். அப்படி ஒண்ணு இருக்கு. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அப்படின்னா அந்த மிருகம் என்ன கனவு காணுதுன்னு நான் இப்பவே யோசிச்சு வைக்கணுமே!"

"அடுத்த வாரத்துக்குள்ள யோசிங்க. நூறு வருஷக் கனவு, நீளமா இருக்கும்."

மழை விட்டிருந்தது. மூன்று பேரும் ஈரத் தெருவில் பேசிக்கொண்டே நடந்தார்கள். அது புல்வெளியைத்தான் கனவு காணும் என்றாள் நாத்தனார். இல்லை, தன்னை மாதிரியே இன்னொரு மிருகத்தைக் காணும், பாவம் அதற்குத் துணை யார் இருக்கிறார்கள் என்றார் அண்ணன். இருவரும் தெருமுனை வரைக்கும் வாதாடினார்கள். சாவிக்கொத்து நடுவில் நடந்தாள். அவளுக்கு ஒரு யோசனை இருந்தது, ஆனால் சொல்லவில்லை. போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள்.