தோற்கவேண்டும் என்று நாங்கள் மன்றாடிய அணி

மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் தாதிமார் தேநீர் குடிக்கும் சின்ன அறை. யன்னலோரம் சீனிப் பேணியில் சாய்த்துவைத்த என் கைத்தொலைபேசி. அதன் திரையில் மினுமினுக்கும் பலகைத் தரை, நீலச் சட்டை போட்ட உயரமான ஒருவன். அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். 

அவன் அக்காவின் மகன். அக்கா என்றால் என் கூடப்பிறந்தவர் இல்லை. ஹம்பேர்க்கில் நான் வேலை செய்யும் இதய நோயாளர் விடுதியின் மூத்த தாதி, பிலிப்பீன்ஸ்காரி. எல்லோரும் அவரை 'ஆத்தே' என்று கூப்பிடுவார்கள். அவர்களின் மொழியில் அது அக்காவைத்தான் குறிக்கும் என்று தெரிந்த நாளிலிருந்து நான் அக்கா என்றே கூப்பிட்டேன். அவருக்கு அது பிடித்திருந்தது. நான் மன்னாரிலிருந்து வந்தவள், அதே விடுதியில் நோயாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்து, கட்டில் விரித்து, கழுவித் துடைக்கும் உதவியாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஒரே மாதா கோவிலில் பூசை காண்போம். எங்களுக்குள் பேச்சு டொச்சில், ஜேர்மன் மொழியில்தான். என் நினைவில் அது தமிழாகவே தங்கிவிட்டதால் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

மகனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அவனைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு அக்கா ஜேர்மனிக்கு வேலைக்கு வந்தவர். அவன் வளர்ந்து, மணிலாவில் தொழில்முறைக் கூடைப்பந்து விளையாடுபவனானான். அங்கே அணிகளுக்கு ஊர்ப்பெயர் கிடையாதாம், கம்பெனிப் பெயர்தான். அவனுடையது துணி துவைக்கும் சவர்க்காரம் செய்யும் ஒரு கம்பெனியின் அணி. நாடே அந்த விளையாட்டின் பின்னால் பைத்தியமாகத் திரியுமாம். முடி வெட்டும் கடையிலும் மீன் சந்தையிலும் அவன் பெயரைச் சொல்லுவார்களாம். அக்கா இதையெல்லாம் பெருமையாகச் சொன்ன காலமும் இருந்தது.

அந்த ஆண்டு லீக் தொடங்குவதற்குச் சற்று முன் அவன் பயிற்சியின்போது மயங்கி விழுந்தான். சோதித்துப் பார்த்தபோது இதயத் தசை ஒரு பக்கம் தடித்திருப்பது தெரியவந்தது. ஒரு டொக்டர் விளையாட்டை விடு என்றார். இன்னொருவர் கவனமாக விளையாடலாம் என்றார். அவன் இரண்டாமவரைப் பிடித்துக்கொண்டான். முப்பது வயதாகிவிட்டது, அணி ஒருமுறைகூட இறுதிப் போட்டிக்குப் போனதில்லை, இதுதான் கடைசி வாய்ப்பு என்பது அவன் நியாயம். அக்கா தொலைபேசியில் கெஞ்சினார், அழுதார், சத்தம் போட்டார்.

"அவன் என்ன சொன்னவன் தெரியுமோ?" என்றார் என்னிடம். "'அம்மா, நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை நீங்கள் பக்கத்தில இல்லை. இப்ப வந்து ஓடாதை எண்டு சொல்லாதேங்கோ' எண்டவன். அதுக்குப் பிறகு நான் என்னத்தைச் சொல்ல?"

ஒரேயொரு விசயத்தில் மட்டும் அவனைச் சம்மதிக்க வைத்தார். இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி எந்த விளையாட்டிலும் அணியினர் உட்கார்ந்திருக்கும் வாங்குக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். அணியின் உடற்பயிற்சியாளர் அதைக் கையாளப் பழகியிருக்கவேண்டும்.

அப்படித் தடித்த இதயங்களை எங்கள் விடுதியில் அக்கா எத்தனையோ கண்டவர். காலையில் பகிடி விட்டுக்கொண்டிருந்த இளைஞன் மத்தியானம் இல்லாமல் போனதையும் கண்டவர். அதனால் அவருக்கு விளையாட்டைப் பார்க்கும் துணிவு இல்லை. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. மணிலாவில் மாலையில் நடக்கும் விளையாட்டு எங்களுக்கு மதிய இடைவேளை நேரம். முதல் விளையாட்டு அன்று என் கையைப் பிடித்துக்கொண்டார். 

"எனக்குப் பாக்க ஏலாது. நீ பார். அவன் நிக்கிறானோ எண்டு மட்டும் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம்."

கூடைப்பந்தின் சட்டங்கள் எனக்குத் தெரியாது. தெரியவேண்டியும் இருக்கவில்லை. நான் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் திரையையே பார்த்திருப்பேன். அக்கா கதவுக்கு வெளியே நடைபாதையில் மருந்து வண்டியைத் தள்ளுவதுபோல் போய்வந்துகொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் கதவைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்ப்பார். "நிக்கிறான்" என்பேன். போய்விடுவார். அவன் இடித்துத் தள்ளப்பட்டு விழுந்து எழும்பும் நேரங்களில் எடுத்த சோற்றைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடுவேன். நாளாக ஆக நான் இடைவேளையில் சாப்பிடுவதையே விட்டேன்.

வீட்டில் கணவர் கேட்டார். "உனக்கேன் இந்த விசர்? ஆரெண்டே தெரியாத பெடியன். அவன்ரை உயிருக்கு நீயோ காவல்?"  ஒருவனை ஒவ்வொரு கிழமையும் அவன் விழக்கூடாது என்றே பார்த்துக்கொண்டிருந்தால், அவன் எப்படியோ நம்முடைய ஆளாகிவிடுகிறான். அதைக் கணவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. துறைமுகக் களஞ்சியத்தில் பாரம் தூக்கிவிட்டு வந்தவர் அலுப்பில் நித்திரையாகிவிட்டார்.

எங்களுக்கு ஒரு நம்பிக்கைதான் இருந்தது. அணி தோற்றுக்கொண்டே போனால் சுற்றிலிருந்து வெளியேறிவிடும், பருவம் சீக்கிரம் முடியும், அவனுடைய ஒப்பந்தமும் முடியும். பூசையில் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலில் நின்று, அந்தச் சவர்க்கார அணி தோற்கவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினோம். தொடக்கத்தில் மாதா கேட்டார். வரிசையாகத் தோற்றார்கள். அக்காவின் முகத்தில் நிறம் வந்தது. ஒருநாள் பாலும் முட்டையும் சேர்த்து அவித்த தங்கள் ஊர் இனிப்பைக் கொண்டுவந்து எனக்குத் தந்தார்.

பிறகு அவர்கள் வெல்லத் தொடங்கினார்கள். ஏன், எப்படி என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வெற்றிக்கும் அங்கே அரங்கத்தில் சனம் எழும்பி ஆட, இங்கே நாங்கள் செத்த வீட்டில்போல இருந்தோம். கால் இறுதி தாண்டினார்கள். அரையிறுதிக்குப் போனார்கள். மணிலாவில் அவன் படத்தைப் பெரிய பலகையில் போட்டிருக்கிறார்களாம் என்று அவன் மனைவி, அக்காவின் மருமகள், தொலைபேசியில் சொல்ல, அக்கா "ஓம், ஓம், சந்தோசம்" என்று சொல்லிக்கொண்டே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அரையிறுதியின் நடுவில்தான் அது நடந்தது. பந்து அவனிடம் இல்லை. தன் பக்கத்துக்குத் திரும்பி ஓடிக்கொண்டிருந்தான். கிட்ட ஒருவரும் இல்லை. முழங்கால்கள் மடிந்தன. கையை ஊன்றாமல் முகம் குப்புற விழுந்தான். கையை ஊன்றவில்லை என்றவுடன் எனக்கு விளங்கிவிட்டது. அந்த விடுதியில் வேலை செய்தவள் நான்.

அன்று பார்த்து அக்கா நடைபாதையில் இல்லை. வீட்டுக்குப் போக இருந்த ஒரு கிழவரின் கையிலிருந்து ஊசியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியோடு அந்த அறை வாசலில் போய் நின்றேன்.  அக்கா என் முகத்தைப் பார்த்தார். பஞ்சை வைத்து அமர்த்தினார், பிளாஸ்டர் ஒட்டினார், "சுகமாப் போயிட்டு வாங்கோ" என்று கிழவரிடம் சொன்னார். அதன் பிறகுதான் வெளியே வந்தார்.

"தள்ளினவங்களோ?"

"இல்லை அக்கா. ஒருத்தரும் கிட்ட நிக்கேல்லை."

தொலைபேசியை என் கையிலிருந்து பறித்தார். அந்தப் பருவத்தில் அவர் திரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. விளையாட்டுக்காரர்கள் முதுகைக் காட்டி வட்டமாக நின்றார்கள். இடைவெளியில் உடற்பயிற்சியாளரின் தோள்கள் மேலும் கீழும் போவது தெரிந்தது. அக்காவின் குரல் மாறிவிட்டது. நோயாளியின் கட்டிலருகே நிற்கும் தாதியின் குரல் அது. "நெஞ்சை அமுக்கிறான். சரியா அமுக்கிறான். கையை மடிக்காதை... மடிக்காதை தம்பி, நேரா வை... கருவி எங்கை? கருவியைக் கொண்டா!" யாரோ ஒருவன் மஞ்சள் பெட்டியோடு ஓடிவந்தான். எல்லோரும் பின்வாங்கினார்கள். தரையில் கிடந்த உடம்பு ஒருமுறை துள்ளியது. உடனே ஒளிபரப்பு விளம்பரத்துக்குப் போய்விட்டது. ஒரு பெண் சிரித்தபடி வெள்ளைச் சட்டையை விரித்துக் காட்டினாள். நாங்கள் இருவரும் அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்காவின் தொலைபேசி அடித்தது. மருமகள். அக்கா அதைத் தொடவில்லை, என்னிடம் நீட்டினார். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலிசில் "ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் அழுகையும் சொற்களுமாக வந்தது. இரண்டு சொற்கள் பிடிபட்டன.

"மூச்சு இருக்காம் அக்கா. கண் திறந்தவனாம்."

அக்கா நடைபாதைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டார். அறையிலிருந்து எட்டிப்பார்த்த அந்தக் கிழவர் வந்து, ஒன்றும் கேளாமல், தன் மேலங்கியை அவருடைய தோளில் போட்டார்.

அணி அந்த அரையிறுதியில் தோற்றது. எங்கள் மன்றாட்டு அப்படித்தான் கேட்கப்பட்டது. மகனுக்குத் தோள் எலும்பின் கீழே ஒரு சிறு கருவியைப் பதித்தார்கள். இனி விளையாடக்கூடாது என்றார்கள். இப்போது அவன் மணிலாவில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறான். அக்கா வேலையிலிருந்து ஓய்வுபெற்றதும் அங்கேயே போய்விடப் போகிறார்.

விமானத்தில் ஏற டொக்டர்களின் அனுமதி கிடைத்ததும் அவன் ஹம்பேர்க்குக்கு வந்தான். தாயோடு ஒரு மாதம் இருந்தான். நான் வண்ட்ஸ்பெக் பகுதியில் இருந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் குனிந்து வந்து என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டான். பெரியவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. அக்கா மொழிபெயர்க்க, அவன் கேட்டான்.

"ஒரு விளையாட்டும் விடாமல் பாத்தனீங்களாம். நான் எப்பிடி விளையாடினனான்?"

 "தெரியாது தம்பி," என்றேன். "நீ விழாமல் நிக்கிறியோ எண்டுதான் பாத்தனான். பந்தை நான் பாக்கேல்லை."

அக்கா அதை அவனுக்குச் சொல்லிவிட்டு, தனக்குப் பார்க்கும் துணிவே இருக்கவில்லை என்றும் சேர்த்துச் சொன்னாராம்.  அவன் எழும்பிப் போய்த் தொலைக்காட்சியில் ஒரு பழைய விளையாட்டைப் போட்டான். அவர்கள் வெல்லத் தொடங்கிய முதல் விளையாட்டாம். எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்து, இது யார், அது எதற்கு என்று சொல்லிக்கொண்டு வந்தான். திரையில் அவன் ஓடத் தொடங்கியதும் ஒரு பக்கத்துக் கையை அக்காவும் மறுபக்கத்துக் கையை நானும் இறுகப் பிடித்துக்கொண்டோம்.

"நான் இஞ்சைதானே இருக்கிறன், அம்மா," என்று சிரித்தான்.

இருவரும் விடவில்லை. திரையில் அவன் பந்தோடு ஓடிவந்து, மறித்து நின்றவர்களுக்கு மேலாக எழும்பினான். எவ்வளவு அழகாக எழும்புகிறவன் என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவன் கால்கள் மறுபடி தரையில் படும்வரை எனக்கு மூச்சு வரவில்லை.