நெஞ்சுவலி அத்தை

மருத்துவக் கல்லூரியில் நோயாளியாக நடிப்பதுதான் என் அத்தையின் வேலை. மாணவர்கள் நோயைக் கண்டுபிடிக்கப் பழக வேண்டுமே, அதற்காகப் பதினோரு வருஷமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்கிறாள். எங்கள் வீட்டில் அவள் பெயரே நெஞ்சுவலி அத்தை.

தத்துவம் படித்த மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது. "நடிக்கிறவனுக்கு நிஜம் தெரியாது, அதோட நகல்தான் தெரியும்னு அந்தக் காலத்துலயே கிரேக்க ஞானி ஒருத்தர் சொல்லிட்டாரு," என்பார்.

"அவருக்கு நெஞ்சு வலிச்சா என்னை மாதிரி பிடிச்சுக்கத் தெரியுமான்னு கேளுங்க," என்பாள் அத்தை.

போன மாதம் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே அவளுக்கு நிஜமாகவே மாரடைப்பு வந்துவிட்டது. அது அவள் நடித்த எதைப்போலவும் இல்லை. நெஞ்சு வலிக்கவே இல்லை. தாடை கனத்தது, வயிற்றைப் புரட்டியது, வேர்த்துக் கொட்டியது.

"நிஜமாவே முடியலைம்மா," என்றாள் மெதுவாக.

எதிரே நின்ற மாணவி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்த வசனம் அத்தை தினமும் சொல்வதுதான். உண்மையைச் சொல்ல அவளிடம் வேறு வார்த்தை இல்லை. செத்தாலும் மார்க் போட்டுவிட்டுத்தான் போவார்கள். கையைத் தூக்கி நெஞ்சைப் பிடிக்கக்கூடத் தெம்பில்லை.

மூலையில் இருந்த பேராசிரியர் சலித்துக்கொண்டார். "என்னம்மா, இன்னைக்கு நடிப்பு இவ்வளவு மோசமா இருக்கு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முகம் வெளுத்து ஓடி வந்தார்.

அத்தை பிழைத்துவிட்டாள். மாமா கிரேக்கத்தை விட்டுவிட்டார். அவள் நெஞ்சைப் பிடித்தால் இப்போதும் அவர் பேப்பரிலிருந்து தலையை எடுப்பதில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தால்தான் பதறி ஓடி வருகிறார்.