ஒரே கூரையில் ரேடாரும் குட்டிப் படகும்

இருபத்திரண்டு வருஷம் சரக்குக் கப்பல்களில் மின் அதிகாரியாக இருந்தேன். வேலையை விட்டுவிட்டுக் கடலூர் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. மனைவி அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அவள் போன அன்று என் கப்பல் நடுக்கடலில் இருந்தது. நான் வந்து சேர்ந்தது பன்னிரண்டாம் நாள். கொள்ளி வைத்தது முதல் எல்லாவற்றையும் சிதம்பரத்தில் இருந்த அவள் தம்பிதான் செய்து முடித்திருந்தான். வாசலில் என்னைப் பார்த்ததும் பையை வாங்கி உள்ளே வைத்தான். அதன்பிறகு என்னோடு பேசவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல்தான் படகு வாங்கினேன். இருபத்தாறு அடி ஃபைபர் படகு. நடுவில் ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்குக் கேபின். முதுநகரில் உப்பனாற்றங்கரையில் கட்டி வைத்திருந்தேன். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. காலையில் கிளம்பி, முகத்துவாரம் தாண்டி இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத் திரும்புவேன். கரையில் வலை பிரிப்பவர்கள், "இன்னா சார், காத்து வாங்கவா?" என்பார்கள். ஆமாம் என்பேன். பல நாட்களில் நான் வாய் திறந்து பேசியது அந்த ஒரு வார்த்தைதான்.

தனியாகப் போகிறவன் என்பதால் இரண்டு சாமான் வாங்கினேன். பனிமூட்டத்தில் பார்க்க ஒரு ரேடார். படகுக்கு ஏதாவது ஆனால் ஏறித் தப்பிக்க ஏழடி நீளத்தில் ஒரு அலுமினியக் குட்டிப் படகு. இரண்டையும் வைக்கக் கேபின் கூரையை விட்டால் இடமில்லை. பின்பாதியில் குட்டிப் படகைக் கவிழ்த்து வைப்பது, முன்பாதியில் ரேடாரைப் பொருத்துவது என்று முடிவு செய்தேன்.

குட்டிப் படகைக் கப்பியும் கயிறும் கட்டி ஒருவனாகவே கூரைக்கு ஏற்றினேன். அரை நாள் ஆயிற்று. நடுவில் அது சுழன்று வந்து விலாவில் இடித்ததில் ஒரு வாரம் புரண்டு படுக்க முடியவில்லை. ரேடார் அதைவிடப் பாடு. கூரையின் மேலே நின்று போல்ட்டைத் திருகினால், உள்ளே பிடிக்க ஆள் இல்லாமல் நட்டும் கூடவே சுற்றியது. மேலே ஏறுவேன், இறங்குவேன், நட்டு சுற்றாமல் ஸ்பேனரைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு மறுபடி ஏறுவேன். நான்கு போல்ட்டுக்கு இரண்டு நாள்.

மாட்டி முடித்தபோது ரேடார் கூரையை விட்டு ஒரு சாண் உயரத்தில்தான் இருந்தது. அதன் பின்னால் கவிழ்ந்து கிடந்த படகின் முதுகு அதைவிட உயரம். அலுமினியத்தைத் தாண்டி ரேடாரால் பார்க்க முடியாது என்பது எனக்குத் தெரியாததல்ல. உயர்த்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் வேண்டும். ஸ்டாண்ட் செய்ய வெல்டர் வேண்டும். எனக்குத் தெரிந்த வெல்டர் சிதம்பரத்தில் இருக்கும் அந்த மச்சான் ஒருவன்தான். பின்பக்கம் தெரியாவிட்டால் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்த சமயம். காலையில் நல்ல பனிமூட்டம். ரேடார் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை நம்பி, திரும்பிப் பார்க்காமல் படகை இடப்பக்கம் திருப்பினேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது. என் இன்ஜின் இரைச்சலில் அது காதில் விழுந்தபோது நேரம் கடந்துவிட்டது. ஒரு மீன்பிடிப் படகு என் படகின் பின்பக்கத்தை உரசி, கைப்பிடிக் கம்பியை வளைத்துக்கொண்டு நின்றது.

"யோவ், கண்ணு தெரில? குறுக்கத் திருப்புறியே!" என்று அதில் இருந்த பெரியவர் கத்தினார். பிறகு கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். "கூட ஆளு யாரும் இல்லியா?"

"இல்ல."

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க பின்னாடியே வா சார்" என்றார். முகத்துவாரம் வரை மெதுவாகப் போய் என்னை உள்ளே விட்டுவிட்டுத்தான் மறுபடி கடலுக்குப் போனார்கள். யாருக்கும் அடியில்லை. படகைக் கட்டிவிட்டு, அன்று இரவே ஸ்டாண்டுக்கு ஒரு படம் வரைந்தேன்.

மறுநாள் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். வழி நெடுக, என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். மச்சானின் பட்டறை ஊருக்கு வெளியே. ஏதோ ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் முகமூடியைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

"வாங்க மாமா."

வரைந்து வைத்திருந்த தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தான். "எதுக்கு இம்மாம் உசரம்?"

"பின்னால ஒரு குட்டிப் படகு கவுத்து வச்சிருக்கேன் மச்சான். அதுக்கு மேல ரேடார் பாக்கணும்."

"உசரம் ஜாஸ்தியானா படகு ஆடாது?"

"அதான் மூணடியோட நிறுத்திட்டேன்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம நானே எடுத்தாந்து மாட்டித் தரேன்."

சொன்னபடியே ஸ்டாண்டோடு வந்தான். அவன் கூரை மேல் ஏறிக்கொண்டான். நான் கேபினுக்குள் நின்று தலைக்கு மேலே ஸ்பேனரால் நட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. கூரை மேல் முட்டி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. மூன்றாவது போல்ட்டில் சத்தம் நின்றது.

"மாமா."

"ம்."

"அக்கா கடைசி ரெண்டு நாளும் ஃபோன கையிலயே வச்சிருந்துச்சு."

"கப்பல்ல சிக்னல் இல்ல மச்சான்" என்றேன்.

"தெரியும். அதுக்கும் தெரியும். 'சிக்னல் இருக்காதுடா'ன்னு எங்கிட்ட அதுவேதான் சொல்லும். ஆனா கையிலேந்து வாங்க மட்டும் வுடாது."

மேலே போல்ட்டு திரும்ப ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நட்டு சுத்துது மாமா. புடிங்க" என்றான். என் கை எப்போதோ நழுவிக் கீழே வந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன்.

மழைத் தண்ணீர் இறங்காமல் ஓட்டைகளைச் சுற்றிப் பசை பூசினோம். வேலைக்காக இறக்கி வைத்திருந்த குட்டிப் படகை ஆளுக்கொரு முனையாகத் தூக்கி மறுபடி கூரையில் வைத்தோம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஒண்டியா எப்டி ஏத்துனீங்க?" என்று கேட்டான். கப்பியைக் காட்டினேன். அதை உருட்டிப் பார்த்தான்.

பிறகு கடலுக்குப் போய்ச் சோதித்துப் பார்த்தோம். முகத்துவாரத்தில் அலை தூக்கிப் போட்டதும் அவன் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தான். ஆனாலும் திரையை விட்டுப் போகவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த கரை அதில் முழுசாகத் தெரிந்தது. "இந்தப் புள்ளி இன்னா? அது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். படகு, மிதவை, இன்னொரு படகு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அவ்வளவு நேரம் நான் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது.

கரைக்கு வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வயிறு சரியில்லை, மத்தியானம் வேலை வேறு இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டான்.

அதற்குப் பிறகு மூன்று தடவை வந்திருக்கிறான். மூன்றும் பெருமழைக்கு அப்புறம். கூரையில் ஏறி நான்கு போல்ட்டையும் விரலால் அழுத்திப் பார்ப்பான். உள்ளே வந்து தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று அண்ணாந்து தேடுவான். டீ குடித்துவிட்டுக் கிளம்புவான். அவன் அக்காவைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. மற்ற நாட்களில் நான் தனியாகத்தான் போகிறேன்.