ரிஸானா எடுத்த கொப்பி

தில்லையடியில் ஒரு தனியார் கிளினிக்கின் கம்ப்யூட்டர்களுக்கு நான்தான் பொறுப்பு. நோயாளிகளின் விவரம் வைத்திருந்த மெய்நிகர் சேர்வர்கள் எல்லாம் தரவு சேமிக்கும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்தன. அவசரத்துக்கென எடுக்கும் பெக்கப் கொப்பியையும் அதே பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"வேற இடத்துலயும் ஒரு கொப்பி வைப்பமா நானா?" என்று, என்னை அண்ணன் முறை வைத்து அழைக்கும், கூட வேலை செய்யும் ரிஸானா கேட்டாள். தேவையில்லை என்று சிரித்துவிட்டேன்.

ஒரு நாள் காலை இடி விழுந்து பெட்டி எரிந்தது. பெக்கப்பும் அதோடு போனது. தூரத்து எத்தாளையிலிருந்து வந்தவர்கள்கூட வெளியே காத்திருந்தார்கள். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதுகூடத் தெரியவில்லை. நடந்ததை ரிஸானாவிடம் சொன்னேன். அவள் அலுமாரியிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தாள்.

"கோவிக்க வாணாம் நானா. ஒவ்வொரு நாளும் வீட்ட போக முந்தி இதுல கொப்பி எடுக்கிறன்."

"முழு சேர்வருமா?"

"ஓம்."

வேறொரு கம்ப்யூட்டரில் அதை ஏற்றினோம். முதல் நோயாளியின் பெயர் திரையில் வந்ததும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கதிரையில் சாய்ந்தேன்.

பெரிய டொக்டர் வந்து என்னைப் பாராட்டினார்.

"பிழை என்னுடையது டொக்டர். காப்பாத்தினது இவ" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் நெஞ்சு முழுசாக இலேசானது.

நான் சிரித்தே தட்டிக்கழித்த கேள்விகள் இன்னும் எத்தனை இருக்கும் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.