பாப்பா விழுகிற தரை

என் மகளுக்கு வலிப்பு வரத் தொடங்கியபோது நாங்கள் சித்தூரில் வாடகைக்கு இருந்தோம். அவளுக்கு ஐந்து வயது. ஒருநாள் மாடிப்படியிலேயே விழுந்து துடித்தாள். அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். அடுத்த வாரம் வீட்டுக்காரர் வந்து, தன் மகனுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகவும் வீடு வேண்டும் என்றும் சொன்னார். அவருக்கு மகனே இல்லை என்பது தெருவுக்கே தெரியும்.

என் கணவருக்குத் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் வேலை கிடைத்தது. நல்ல டாக்டர்களும் திருப்பதியில்தான் இருந்தார்கள். அங்கேயே வீடு பார்த்தோம். இந்த முறை வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்வதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது மாடி. உள்ளே முழுக்க முகம் தெரிகிற வெள்ளை டைல்ஸ். சாமான் இறக்கிய அன்று கை தவறி ஒரு எவர்சில்வர் சொம்பு விழுந்தது. எடுத்துப் பார்த்தால் விளிம்பு நசுங்கியிருந்தது. டைல்ஸில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, தரையில் எதையும் ஒட்டக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஆகவே, பாப்பா விழுந்தால் அடிபடாமலிருக்க விரிக்கிறது எதுவானாலும் காலி பண்ணும்போது சுருட்டி எடுக்கிறதாக இருக்க வேண்டும். நாங்கள் வாங்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

தரைவிரிப்புக் கடையில் மரப்பலகை போல அச்சிட்ட பிளாஸ்டிக் ரோல் ஒன்றை முதலில் காட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. கட்டை விரலால் அழுத்தினேன், கீழே சிமெண்ட்தான் தட்டுப்பட்டது. தேங்காய் நார் விரிப்பு கொஞ்சம் மெத்தென்றிருந்தது. ஆனால் வலிப்பு வரும்போது அவள் கன்னம் தரையில் தேய்ந்துகொண்டே இருக்கும். நாரில் தேய்ந்தால் தோல் உரிந்துவிடும். பிள்ளைகள் கோத்து விளையாடுகிற கலர் ஸ்பான்ஜ் மேட்டை அவள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள் என்று பயந்தேன். கனமான மேட் ஒன்று இருந்தது. அதை ஒரு அறைக்கு வாங்கலாம், வீடு முழுக்க முடியாது. எந்த அறையில் விழுவாள் என்று யார் கண்டது?

நான் கடையிலேயே ஒவ்வொரு விரிப்பாக மல்லாந்து படுத்து, பின்மண்டையை மெதுவாக இடித்துப் பார்த்தேன். என் கணவர் குனிந்து, "எழுந்திரு, எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார். வயசானவங்க இருக்காங்க என்று பொய் சொன்னேன். டி.வி. பெட்டிக்குள் சுற்றி வருகிற வெள்ளை ஃபோம் ஷீட்டை இரண்டு மடிப்பாகக் கீழே போட்டு, மேலே சாதா ரோலை விரித்தால் போதும் என்று அவர்தான் யோசனை சொன்னார். அதில் படுத்து இடித்துப் பார்த்தேன். வலிக்கவில்லை. அதையே வாங்கினோம். கட்டிலையும் பீரோவையும் ஓரங்களில் ஏற்றி நகராமல் செய்தோம்.

நான்கு மாதம் யாருக்கும் தெரியாமல் போயிற்று. மழைக்காலத்தில் முதல் மாடிக் கூரையில் ஈரம் இறங்குகிறது என்று வீட்டுக்கார அம்மா ஒரு பிளம்பருடன் மேலே வந்தார். சாயங்காலம் நாலரை மணி. கணவர் வேலையில் இருந்தார். பிளம்பர் பாத்ரூம் வாசலிலிருந்து நடு ஹால்வரை விரிப்பைச் சுருட்டினார். அடியிலிருந்து வெள்ளை ஃபோம் வெளியே வந்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது.

"எந்துக்கம்மா இத்தனை போட்டிருக்கே? டைல்ஸ் ஒடஞ்சிச்சா?"

பாப்பாவுக்கு வீசிங், தரைக் குளிர் ஆகாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது அவள் பென்சிலோடு உள்ளறையிலிருந்து வந்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தவள் பாதியில் நின்றாள். கண்கள் ஒரு பக்கமாக ஏறின. நின்றது வெறும் டைல்ஸ் மேல்.

எனக்கும் அவளுக்கும் நடுவே ஐந்தாறு அடி இருந்திருக்கும். கை எட்டவில்லை. வழுக்கி விழுந்தபடியே காலை நீட்டினேன். அவள் தலை என் பாதத்தின் மேல் விழுந்தது. வலித்ததா என்று நினைவில்லை. பிளம்பர் பதறிப்போய் ஸ்பேனரை அவள் கையில் வைக்க வந்தார். வேண்டாம் என்று கத்தினேன். அவளை ஒருக்களித்துத் திருப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. துடிப்பு அடங்கும்போது சிறுநீர் போய்விட்டாள். அந்த நேரத்திலும், ஐயோ இவங்க தரையாச்சே என்று என் புத்தி போனது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். பிளம்பரையும் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டார்.

கணவரிடம் போனில் சொன்னேன். "வேற வூடு பாக்கலாம்" என்றார். மூன்று நாள் சமையல் பாத்திரங்கள் தவிர மற்றதையெல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கினேன். படியில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுக்குவதை விட்டுவிட்டுக் கதவருகே போய் நிற்பேன். அது பால்காரராக இருக்கும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கார அம்மாவே வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் விரிப்பை அழுத்திப் பார்த்தார்.

"நான் இருக்கறப்போ மறுபடி வந்தா நான் ஏமி செய்யணும்? அன்னிக்கு ஒண்ணும் தெரியாம நின்னுட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதுவும் வைக்கக் கூடாது, கையில் இரும்பு வேண்டாம், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். அவர் ஒவ்வொன்றையும் தெலுங்கில் முணுமுணுத்து மனதில் ஏற்றிக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லலையேம்மா" என்றார். சித்தூரில் நடந்ததைச் சொன்னேன். அவர் அட்டைப்பெட்டிகளைப் பார்த்தார்.

"சொல்லியிருந்தா நானும் வீடு தந்திருக்க மாட்டேன். அதுவும் நிஜம்தான்."

எழுந்து போகும்போது பாத்ரூம் தரைக்கு என்ன செய்திருக்கிறோம் என்று கேட்டார். கதவைத் தாழ் போட விடுவதில்லை, அவ்வளவுதான் என்றேன். மறுநாள் ஓட்டை ஓட்டையான ரப்பர் மேட் ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

அந்த வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். மருந்தை மாற்றிய பிறகு வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. ஃபோம் ஒருமுறை அமுங்கிப் போய் மாற்றினோம். இந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்து டீச்சரிடம் வலிப்பு பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, எச்.எம்.மிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். வெளியே வரும்போது வராந்தாவின் சிமெண்ட் தரையைக் குதிகாலால் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன்.